நூறு பேர்

வியாழன் பின்னேரம்
ஹாகன் ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள ஹோட்டலில்
ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் தந்தார்கள்.
நூறு பேர் எழுதுங்கோ என்றான் றொஷாந்தன்.
தெரிந்தவர்கள்,
தெரிந்தவர்களைத் தெரிந்தவர்கள்.
யோசிக்கக் கூடாதாம்.

முதல் இருபதும் மூச்சுவிடாமல் வந்தன.
பிறகு
மகளின் சாமத்தியவீட்டு என்வலப் கணக்கை
மனதுக்குள் புரட்டினேன்.
ஐம்பது யூரோ வைத்த பவளராணி அக்கா.
இருபது வைத்துவிட்டு
மூன்று பந்தியிலும் இருந்து சாப்பிட்ட குலேந்திரன்.
அறுபத்தேழாவதாய் எழுதிய பேருக்கு
தொலைபேசி இலக்கம் இல்லை.
விசா இல்லை. ஆளே இல்லை, பதினாறு வருசமாய்.
வெட்டினேன்.
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவன் சொன்னான்:
அது பரவாயில்லை அக்கா,
அவற்றை குடும்பம் இப்ப எங்க இருக்கு?

விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும்.
லைசென்ஸுக்குச் சோதனை.
சோதனைக் காசை நிறுவனம் கட்டும்;
இரண்டு வருசத்துக்குள் விலகினால்
நான் திருப்பிக் கட்டுவேன்.
இது நாலாம் பக்கத்தில், கடுகு எழுத்தில்.

பேக்கரியில் எனக்கு இரவு வேலை.
தட்டு சூளைக்குள் போய்த் திரும்பும்
பதினெட்டு நிமிசத்துக்கு ஒரு பந்தி படித்தேன்.
ஜெர்மன் சொற்கள் கூட்ஸ் ரெயில்கள்.
கடைசிப் பெட்டி கடந்தால்தான்
எதை ஏற்றிப் போகிறது என்று தெரியும்.
மாவு படிந்த பக்கங்களில்
விலக்குகள் என்றொரு அதிகாரம்.
எதற்கெல்லாம் நட்டஈடு கிடையாது:
வேண்டுமென்றே வைத்த தீ,
அணுக்கதிர்,
போர்.
அந்த வரியை மட்டும்
பாடமாக்க வேண்டி இருக்கவில்லை.

வாய்மொழிச் சோதனையில்
பரீட்சகர் வாடிக்கையாளராய் நடித்தார்.
ஓட்டு வீடு, இரண்டு பிள்ளைகள்,
மாறாத முழங்கால் வலி.
வலியை நன்றாகவே நடித்தார்.
கடைசியில் கேட்டார்:
இந்த இரண்டாவது பொலிசி
எனக்கு உண்மையிலேயே தேவையா?
இல்லாத அந்த மனிதரிடம்
உள்ளதைச் சொன்னேன்.
தேவையில்லை. இருப்பது போதும்.
சித்தி என்றார்கள். கை கொடுத்தார்கள்.

அதே வசனத்தை
பவளராணி அக்காவின் குசினியில் சொல்லத் தொடங்கினேன்.
மேசைக்குக் கீழே
றொஷாந்தனின் சப்பாத்து என் காலை மிதித்தது.
வாயை மூடிக்கொண்டேன்.
அக்கா கையெழுத்து வைத்தா,
எனக்காக என்று சொல்லி, தேத்தண்ணியும் தந்து.

அதற்கு முதல் விற்ற மூன்றும்
எனக்கும், அவருக்கும், பிள்ளைக்கும்.

குலேந்திரன் என்னைக் கண்டால்
லிடிலில் நாய்ச் சாப்பாட்டுப் பக்கம் திரும்புவார்.
அவரிடம் நாய் இல்லை.

மாசியில் அக்கா வந்தா,
ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களோடு.
வாசிச்சுச் சொல்லு பிள்ளை,
மாசம் மாசம் எங்கையோ காசு போகுது.
தரையில் பரப்பினேன்.
நாலு பொலிசி.
ஒரே முழங்காலுக்கு இரண்டு தரம் காப்புறுதி.
நாலில் ஒன்று நான் விற்றது.

இரண்டு ரத்துக் கடிதங்கள் எழுதினேன்.
முதலில் என்னுடையதை.
படித்த ஜெர்மன் முழுவதும் அதற்கு உதவியது.

கொமிஷன் மேலே ஏறியபோது
ஐந்து பேர் பிரித்து எடுத்தார்கள்.
திரும்ப இறங்கும்போது
என் கதவு இலக்கம் மட்டும்தான் அதற்குத் தெரிந்திருந்தது.

அக்கா போகும்போது
மேசையில் ஒரு என்வலப் வைத்தா.
உள்ளே ஐம்பது.
பழைய கணக்குப்படி
கொடுக்க வேண்டிய முறை என்னுடையது.
வாங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும்.

வாங்கினேன்.
நிறுவனத்தின் மூன்றாவது கடிதம்
பிரிக்காமல் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது.