பிடிச்சு நில்லுங்க

இருபத்தாறு வருஷம் 29சி-யில்
நான் கம்பியைத் தொட்டதில்லை.
ஒரு கையில் டிக்கெட் கட்டு,
இன்னொன்றின் விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்.
பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை
எந்த பிரேக் எந்தப் பக்கம் தள்ளும் என்று
முழங்காலுக்கு முன்கூட்டியே தெரியும்.
'பிடிச்சு நில்லுங்க, பிடிச்சு நில்லுங்க' என்பது
மற்றவர்களுக்குச் சொல்கிற வார்த்தை.

ரிட்டையராகி மூன்றாம் மாதம், ஆவணியில்,
பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது
என் இடப்பக்கம்
சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டது.

அயனாவரத்து வீட்டின் குளியலறைக்கு
நாலு அங்குலப் படி ஒன்று உண்டு.
பத்து வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன், பார்த்ததில்லை.
அதன் பிறகு பார்த்ததெல்லாம் அதை மட்டும்தான்.

எட்டு மாதம்
புஷ்பராணி என் அக்குளுக்குள் தோளைக் கொடுத்து
அந்தப் படியில் ஏற்றினாள்.
அவள் நைட்டியின் கீழ்க்கரை எந்நேரமும் ஈரம்.
சோப்பு போடும்போது சீரியல் கதை சொல்வாள்,
நான் வேறெதையும் நினைக்காதிருக்க.
கதவு திறந்தே இருக்கும்.
சந்தில் மீன் விற்றுப் போகிற குரல்கூட
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

டைல்ஸில் ஓட்டை போட்டால் அட்வான்ஸில் கழிப்பேன்
என்றார் வீட்டுக்காரர்.
எத்தனை ஓட்டை?
ஒரு கம்பிக்கு ஆறு, இரண்டு கம்பி.
பன்னிரண்டு என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

கம்பி போட வந்தவர் பெயர் இம்தியாஸ்.
டேப்பை எடுக்கவில்லை.
'விழப் போற மாதிரி கையை நீட்டுங்க சார்.'
நீட்டினேன்.
வலது கை போய் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.
'இப்ப எழுந்திருக்கிற மாதிரி.'
இன்னொரு கோடு.
எட்டு மாதப் பயத்துக்கு
இரண்டே கோடுகள்தான் தேவைப்பட்டன.

படியைக் கொத்திச் சரிவாக்கினார்.
கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார்.
'உள்ள விழுந்தீங்கன்னா
பழைய கதவு உங்க மேலயே முட்டி நின்னுக்கும்'
என்று சிமென்ட் விலை சொல்கிற குரலில் சொன்னார்.
காலிங் பெல் ஒன்று வேண்டும், ஆயிரத்து எண்ணூறு.
புஷ்பராணி பீரோவைத் திறந்து
என் விசிலை எடுத்து வந்து கம்பியில் மாட்டினாள்.

பஸ் கம்பியின் அதே பருமன்.
இன்னும் யார் வியர்வையும் படாதது.

முதல் நாள் கதவைச் சாத்தினேன்.
அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள்!
பிளாஸ்டிக் நாற்காலி, கைக்கெட்டும் குழாய், நான்.
முதுகு எட்டவில்லை. தேய்க்கவில்லை.
இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள்.
'இருக்கீங்களா?'
விசிலை வாயில் வைத்தேன்,
இடக் கன்னம் காற்றை ஒழுகவிட்டது.
வெறும் எச்சில்.
கன்னத்தை விரலால் அழுத்திக்கொண்டு இன்னொரு முறை.
இரண்டு.
ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போகலாம்;
கண்டக்டர் வீட்டில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.
நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். கேட்டின் கிறீச்.
எங்கே போனாள் என்று கேட்கவில்லை.
திரும்பி வந்தபோது கீழ்க்கரை உலர்ந்திருந்தது,
அவள் மீது மிளகாய் பஜ்ஜி வாசனை.
தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள்.
நல்லது.

வெளிவாசல் இன்னும் பாக்கி.
ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும்
தெரு ஒரு சாண் ஏறிக்கொள்கிறது,
வீடு அங்கேயே கிடக்கிறது.
இம்தியாஸ் நின்று பார்த்துவிட்டு
'சரிவு போட இடமே இல்ல சார், யோசிக்கணும்' என்றார்.
யோசிக்கட்டும்.
அதற்குள் ஜன்னலோரம் ஒரு கம்பி கேட்டிருக்கிறேன்,
பஸ் திரும்புகிற முனை அங்கிருந்து தெரியும்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பதினெட்டு.
வீட்டுக்காரர் எழுதிக்கொள்ளட்டும்.