வாய்க்காலின் இரு கரைக்கும் ஒரே படிவம்

ஒரு படிவத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.
பெற்றோல் என் செலவு.
அதனால் வேகமாகத்தான் கேட்பேன்.

பனிச்சைக்குளத்தில்
மேற்குக் கரை முதலில் வந்தவர்களுடையது.
ஐம்பத்துநாலில் தீவுப்பக்கமிருந்து,
கொலனி வீடு, மூன்று ஏக்கர் வயல்,
ஒரு மண்வெட்டி, ஒரு பெர்மிட்.

கிழக்குக் கரை எழுபத்தேழில் வந்தது,
லொறியில், இரவில், பதுளைப் பக்கமிருந்து,
எரிந்த லயத்தின் புகை
இன்னும் விடாத கம்பளிகளோடு.
அவர்களுக்கும் மண்வெட்டி கிடைத்தது,
முதலில் வந்தவர்களின் வயலில் பிடிக்க.

சிற்சபேசன் வீட்டில் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள்.
கூரை ஓடு. தரை மாபிள்.
கிணறு உண்டு, கட்டுக்கிணறு.
கடன் வங்கியில், உழவு இயந்திரத்துக்கு.
நெல் ஏக்கருக்கு இருபத்தெட்டு மூட்டை.
"அறக்கொட்டியான் விழுந்திட்டுது பிள்ளை,
இல்லாட்டி முப்பத்திரண்டு வந்திருக்கும்."
வெளிநாட்டில் உள்ளவர்: ஒன்று.
மகன், மொன்றியலில்.

பேச்சாயி வீட்டில் நின்றபடி எழுதினேன்.
கதிரை இருந்தது,
அதில் நுண்கடன்காரர் இருந்தார்.
செவ்வாய்க்கிழமை அவருடைய நாள்.
கூரை தகரம்.
சாணி மெழுகிய தரைக்குக் கட்டம் இல்லை,
மண் என்று போட்டேன்.
கிணறு?
"இருக்கு. ஆனி வரைக்கும்."
வெளிநாட்டில் உள்ளவர்: ஒன்று.
மகள், குவைத்தில். மூன்று மாதமாய்ச் சம்பளம் இல்லை.
படிவம் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது.
ஒன்று. ஒன்று.
கொழும்பில் இதைக் கூட்டுகிறவர்
சமம் என்று கண்டு தேநீர் குடிக்கப் போவார்.

நெல்லில்தான் தடுக்கி விழுந்தேன்.
அந்த இருபத்தெட்டு மூட்டையை விளைவித்தவன்
பேச்சாயியின் மகன் இருளப்பன், குத்தகைக்கு.
மேற்கில் வயலுக்கு இறங்க ஆளில்லை,
கிழக்கில் இறங்க வயலில்லை.
இரண்டு படிவத்திலும் எழுதினால் நெல் இரட்டிக்கும்.
ஒன்றில் எழுதினால்
யாரோ ஒருவர் சும்மா இருந்ததாகிவிடும்.
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதைப் படிவம் கேட்கவில்லை.
நான் கேட்டேன்.
நேரம் போனது, ஒரு படிவத்தின் காசளவு.
முகாமில் பக்கத்துப் பக்கத்துத் தறப்பாள்,
பதினொரு மாதம்,
பருப்புக்கு ஒரே வரிசை, ஒரே அகப்பை.
"அப்ப நாங்கள் எல்லாரும் ஒண்டுதான்,"
என்றார் சிற்சபேசன்.
பேச்சாயி கொஞ்சம் யோசித்தாள்.
"அவங்க இடுப்புல ஒரு பொலித்தீன் பை இருந்திச்சு.
குளிக்கிறப்பவும் அவுக்க மாட்டாங்க."

அதற்குள் பெர்மிட்.

திரும்பி வந்தபோது
வீட்டுத்திட்டம் முதலில் கேட்டது அந்தப் பையைத்தான்.
ஐந்தரை இலட்சம், நான்கு தவணை.
கிழக்குக் கரைக்கு வேறு பதில்:
இது வன இலாகாக் காணி.
முப்பத்திரண்டு வருடம் கச்சானும் மரவள்ளியும் விளைந்த நிலம்
வரைபடத்தில் இன்னும் பச்சையாக இருந்ததாம்.

கடைசிக் கேள்வி: சொந்த ஊர்.
சிற்சபேசன் இங்கேதான் பிறந்தவர்,
கொலனியின் முதல் தொட்டில் அவருடையது.
"எங்கட ஊர் வேலணை," என்றார் உடனே.
அங்கே பூட்டிய ஒரு வீடு இருக்கிறது,
வருடத்துக்கொருமுறை திருவிழாவுக்குத் திறப்பார்கள்.

பேச்சாயி மலையில் பிறந்தவள்,
பன்னிரண்டு வயதில் லொறி ஏறியவள்.
"இங்கதான்," என்றாள்.
என் பேனை தயங்கியதைப் பார்த்தாள் போல.
"ஏன், எழுத மாட்டீங்களா?"

எழுதினேன்.

வெளியே வந்தபோது நுண்கடன்காரர்
மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்.
அவரிடம் ஒரு கொப்பி, என்னிடம் ஒரு கட்டு.
அடுத்த வீடு இருவருக்கும் ஒன்றுதான்.
அவர் முந்திவிட்டார்.