செகண்ட்ஸ்

காதர்பேட்டையில் பனியன் பொறுக்குவதுபோலத்தான் வாங்கினேன்,
வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்து,
மூலைகளை நகத்தால் நிமிண்டி.
பதினோராயிரத்து ஐந்நூறு.
மூடியில் எந்தக் கம்பெனியோ ஒட்டி
யாரோ உரித்த ஸ்டிக்கரின் பிசின்.
ஏழாம் எண்ணுக்கு மூடியில்லை,
வெறும் ரப்பர்க் குமிழ்.
“ஏமாத்தமாட்டனுங் அம்மிணி,
ஹார்டு டிஸ்க் மட்டும் கொஞ்சம் பழசு” என்றார் சபியுல்லா.
கொஞ்சம் என்பது
திருப்பூரில் ஓர் அளவே இல்லை.

மூன்றாம் நாள் ஆரம்பித்தது.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து:
டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும்.
வேண்டாமென்றால் ஏதாவதொரு பொத்தானை அமுக்கு.
பத்து, ஒன்பது, எட்டு,
அமுக்கினேன்.
மறுநாளும் அமுக்கினேன்.
மகளிர் குழுக் கடன்காரர் கூப்பிடும் போனை அமுக்குவதுபோல
ஒரு மாதம் அமுக்கியே ஓட்டினேன்.

நான் செக்கிங்.
பத்து வருசம், டியூப்லைட்டுக்குக் கீழே, நின்றபடி,
நாளைக்கு அறுநூறு எழுநூறு பீஸ்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
கண் போகுமுன் விரல் போய்விடும்.
குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
பேக்கிங் லிஸ்ட் அடிக்கக் கற்றுக்கொண்டால்
உட்கார்ந்து பார்க்கிற சோலி என்றார் மேனேஜர்.
அதற்குத்தான் இது.

மார்ச் கடைசியில் நான் அடித்த லிஸ்ட் திறக்கவில்லை.
நாற்பத்திரண்டு கார்ட்டன்.
சரி, இப்போதே சோதி என்றேன்.
முடியாது என்றது.
இந்த டிஸ்க் இப்போது உபயோகத்தில் இருக்கிறது,
அடுத்த தடவை எழும்போது பார்க்கட்டுமா?
அதுவும் நியாயம்தான்.
போட்டிருக்கிற சுடிதாரைப்
போட்டபடியே யார் செக்கிங் பண்ணுவது.

அன்று ராத்திரி எந்தப் பொத்தானையும் தொடவில்லை.
மூன்று, இரண்டு, ஒன்று.
ஆடுகிற சார்ஜர் முனைக்குச்
செங்கல்லொன்றை அண்டக் கொடுத்து உட்கார்ந்தேன்.
பதினொரு சதவீதத்தில் நின்றது.
ஒரு மணி நேரம். இரண்டு.
உள்ளே ஒரு டிக். கொஞ்சம் பொறுத்து, அதே டிக்.
துணியில் முடிச்சுத் தட்டுப்பட்டால்
என் விரல் திரும்பப் போய்த் தடவுமே, அந்த மாதிரி.
சபியுல்லாவுக்குப் போன் போட்டேன்.
“ஆஃப் மட்டும் பண்ணிராதீங். கெடக்கட்டும்.”

எட்டு வீட்டு லைனுக்கு ஒரே ஃபியூஸ்.
மூன்றாம் வீட்டு ஒடிசாப் பையன்கள்
கரண்ட் அடுப்பைப் பற்றவைத்தால் போச்சு.
கதவைத் தட்டினேன்.
பிரமோதின் தமிழும் என் இந்தியும்
பாதி வழியிலேயே நின்றுவிட்டன.
லேப்டாப்பைக் காட்டினேன், பதினொன்று என்று விரலால் எழுதினேன்.
அன்று அவர்கள் நாலு பேரும் பிரெட் தின்றார்கள்.

நாலே முக்காலுக்கு நூறு.
கெட்ட இடங்கள் இத்தனை என்று ஓர் எண்.
சரிபண்ணிவிட்டதாகச் சொல்லவில்லை.
அங்கே இனி எழுதமாட்டேன் என்றது, அவ்வளவுதான்.
எனக்குப் புரிகிற பேச்சு அது.
அம்பை ஒட்டிவிட்டு அடுத்த பீஸ்.

மீட்டதெல்லாம் ஒரு ஃபோல்டரில் கிடந்தது,
பெயரில்லாமல், நம்பர் மட்டும்.
நாற்பத்திரண்டில் இருபத்தொன்பது கார்ட்டன்.
இன்னொரு துண்டு என்னுடையது இல்லை.
போட்டோ. பலூன், ஜிகினாத் தாளில் பாதி எழுத்து,
குனிகிற ஒரு பெண்ணின் வகிடு, நெற்றி,
புருவத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.
எந்த ஊர்க்காரியோ.
கேக்கை வெட்டினாளா, ஊதினாளா.

“சம்பளம் வரட்டுங், புது டிஸ்க் மாத்திரலாம்,
ஆயிரத்து எண்ணூறு. பழசை நானே எடுத்துக்கறன்” என்றார் சபியுல்லா.
“பழசு எங்கிட்டயே இருக்கட்டுங்” என்றேன்.
எதுக்கு என்றார்.
பஸ் வந்துவிட்டது.

மீதிப் பதின்மூன்று கார்ட்டனை
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி அடித்தேன்,
ஏழு வரும்போதெல்லாம் ரப்பரைக் குத்தி.