மூன்றாவது சாவி

பச்சை லேசானது. சிவப்பு வீரியம் கூடியது.
காலித் தண்ணீர் பாட்டில்களில் மார்ஃபினை நிரப்பிக்கொண்டு
புஷெனி மலைச்சரிவில் பைக்கில் ஏறுகிறேன்.
வாழைகளுக்கு நடுவே எந்த வீடு என்று
யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.
மூக்கைப் பொத்திக்கொண்டு கை நீட்டுகிறார்கள்.

கொபுசிங்கே அடுக்களைக் குடிசையில் கிடந்தாள்.
கதிர்வீச்சுக்குக் கம்பாலா போய்வந்ததில்
இரண்டு ஆடுகள் தீர்ந்திருந்தன.
கருப்பை வாயில் தொடங்கியது
முதலில் கணவனின் கட்டிலைத் தின்றது,
பிறகு தேவாலயத்தில் அவள் உட்காரும் பெஞ்சை,
பிறகு வெள்ளிக்கிழமைகளை.

வெள்ளிக்கிழமை என்றால் சேமிப்புக் குழு.
தகரப் பெட்டிக்கு மூன்று பூட்டு,
மூன்று பெண்களிடம் மூன்று சாவி.
மூன்றாவது இவள் கழுத்துக் கயிற்றில்.
ஐந்து வாரமாக ஒரு பையனை அனுப்புகிறார்கள்.
ஜன்னல் வழியே கை மட்டும் வரும்,
சாவியோடு போகும்,
சாவியோடு திரும்பும்.
"அந்தக் கைக்கு முகம் இருக்கிறதா, சிஸ்டர்?"

வலி எங்கே என்று கேட்டேன்.
"வலி கிடக்கட்டும். நாற்றத்துக்கு மருந்து உண்டா?"

உண்டு.
மெட்ரோனிடசோல் மாத்திரைகளைக்
கரண்டியின் முதுகால் பொடித்தேன்.
கழுவி, ஒற்றி, புண்ணில் தூவி,
கசியும் ரத்தம் அவள் கண்ணில் படாதிருக்கக்
கருஞ்சிவப்புத் துண்டு ஒன்றை விரித்தேன்.
நான் படித்த பாடத்தில் இதற்கு அரைப்பக்கம்கூட இல்லை.

எட்டாம் நாள் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.
"மோந்து பார். பொய் சொன்னால் தெரிந்துவிடும்."
மோந்தேன்.
விறகுப்புகை. சோப்பு.
பாயில் சிந்திய கேழ்வரகுக் கஞ்சி.
அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை
சாவிக்கு வந்த கையை அவள் விடவில்லை.
"பெட்டி இங்கே வரட்டும்."

வந்தது. பின்னால் பதினொரு பெண்கள்,
வாசலில் தயங்கி,
ஒருத்தியை ஒருத்தி முன்னே தள்ளி.
துருசில்லா தலைத்துணியை
மூக்குவரை கொண்டுபோய், பாதியில் நிறுத்தினாள்.

கொபுசிங்கே நோட்டைப் பிரித்தாள்.
"சாவி இருக்கும் இடம்தான் கூட்டம்.
வராதவர்களுக்கு வாரத்துக்கு ஐந்நூறு ஷில்லிங் அபராதம்,
நாமே போட்ட விதி.
ஐந்து வாரம். எண்ணி வையுங்கள்."
யாரோ சிரித்துவிட்டார்கள்.
அப்புறம் அது சிரிப்பாக இல்லை.
தகரத்தில் காசு விழ ஆரம்பித்தது.

மழை தொடங்கியபின் போனபோது
பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.
மீந்த மருந்தைக் கணக்கில் எழுத வேண்டும், சட்டம்.
பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன்:
பச்சை, இரண்டு விரல் உயரம்.

சாட்சிக் கையெழுத்துக்குத் துருசில்லா வந்தாள்.
குனிந்தபோது
அவள் கழுத்திலிருந்து அந்தக் கயிறு தொங்கி
காகிதத்தின் மேல் ஆடியது.