ஒன்பது ஐசிகள்

பதினைந்து வெள்ளி என்றார் தியோ.
எட்டுக்குத் தந்துவிட்டு
மழை வருமுன் தார்ப்பாயை மடிக்கப் போனார்.

பழைய கணினியின் விரிவாக்க அட்டை.
புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி,
சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து
வரிசையாய்ப் படுத்திருப்பவற்றை எண்ணினேன்.
எட்டு, சுமப்பதற்கு.
இன்னொன்று, அந்த எட்டும் சேர்ந்து சொல்வது
ஒற்றையா இரட்டையா என்று
கண்கொத்தியாய்ப் பார்ப்பதற்கு.

எழுத்துகள் மங்கியிருந்தன.
சாக்குக்கட்டியைத் தேய்த்து, விரலால் வழித்து,
கைப்பேசி விளக்கைச் சரித்துப் பிடித்தால்
மெல்ல வாய் திறக்கும்:
41256, ஒரு கோடு, 15.
கேட்டால் பதில் சொல்ல
நூற்றைம்பது நானோவிநாடி.
அடுத்த வரி 8734.
எண்பத்தேழு, முப்பத்து நாலாம் வாரம்.
தேசிய தினக் கொடிகளைக்
கழற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.
அதற்கும் கீழே பொடி எழுத்தில்
சிங்கப்பூர்.
உள்ளே கிடக்கும் சிலிக்கான் எங்கே பிறந்ததோ,
கறுப்புச் சட்டை இங்கே தைத்தது.

நாலாவதற்கு மட்டும் முகமில்லை.
யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

மின்சாரம் கொடுத்தேன்.
640 வரை எண்ண வேண்டியது
448இல் நின்று, பிழை என்றது.
வேறு யார்மேல் சந்தேகம் வரும்?
கைக்கு அகப்பட்ட பிளாஸ்டிக் அட்டையை
அடியில் செருகி நெம்பி
முகமில்லாததைப் பிடுங்கி எறிந்தேன்.
மாற்று வைத்தேன்.
மறுபடி 448.

பிறகுதான் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ஏழாவது, இருப்பதிலேயே
எழுத்து பளிச்சென்று தெரிந்தது,
கட்டைவிரலைச் சுட்டுவிட்டது.

தரையில் தவழ்ந்து
சோபாவுக்கடியில் கிடந்ததைத் தேடியெடுத்து
கால்களை நிமிர்த்தி
நாலாம் இடத்திலேயே திரும்ப உட்காரவைத்தேன்.
512. 576. 640.
பெயரைத் தவிர எல்லாம்
ஞாபகம் வைத்திருந்தது.

காலை ஏழரை.
இரவுப் பணி முடிந்து செண்பகவல்லி வந்தாள்.
“என் ஐசியப் பாத்தீங்களா?
ராத்திரி பூரா பையத் துழாவிக்கிட்டே இருந்தேன்.”
“எந்த ஐசி?” என்றேன்.
மேசையில் ஒன்பது இருந்தன.

நீல அட்டையை அவளே கண்டெடுத்தாள்.
ஓரத்தில் புதுப் பல்தடம்.
தன் புகைப்படத்தின் மேலிருந்த
சாக்குத்தூளை ஊதினாள்.
திட்டப் போகிறாள் என்றிருந்தேன்.
என் கட்டைவிரலைப் பற்றி
ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள்.

“ரேகையே இல்ல, கொப்புளம்.
சனிக்கிழம ஜோகூர் போறோம்.
உட்லண்ட்ஸ்ல அந்த மெஷின்
நீங்க யாருன்னு கேக்குமே,
என்ன சொல்வீங்க?”