காற்று நிகர எடையில் சேராது

சீல் வைக்கும் இயந்திரம்
ஒரு நொடி கடித்து விடுகிறது.
உள்ளே இருநூறு கிராம் எள் முறுக்கு,
மீதி காற்று.
ஆறாயிரம் அடி உயரத்துக் கோத்தகிரிக் காற்று.
அதை எழுத எந்த லேபிளிலும் கட்டம் இல்லை.

எனக்குக் கொடுத்த கட்டங்கள் வேறு.
அரிசி மாவு, உளுந்து, ஓமம், உப்பு,
சூரியகாந்தி எண்ணெய்.
எள் மட்டும் தடித்த எழுத்தில்.
எள்ளளவும் பிசகக் கூடாது என்று
நாம் பேச்சுக்குச் சொல்வதை
அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் அது மெலிந்த எழுத்தில் போய்விட்டது.
ஹாம்பர்க் கிடங்கில் யாரோ ஒருவர் உட்கார்ந்து
நாலாயிரம் பைக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்.
ஒன்றுக்குப் பதினொரு சென்ட், எங்கள் கணக்கில்.
முறுக்கு சுற்றும் நஞ்சம்மாளுக்கு
ஒரு பைக்கு அவ்வளவு வராது.
அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

உற்பத்தி நாடு: இந்தியா.
இதைத் தயங்காமல் அச்சடித்துவிடுகிறோம்.
ஹட்டனில் பிறந்து
மண்டபத்தில் வந்திறங்கிய அப்பாவின் தாளில்
அதே மாதிரி ஒரு கட்டத்தை
மூன்று முறை அடித்து அடித்துத் திருத்தியிருந்தார்கள்.
முறுக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டோர்ட்முண்டிலிருந்து பரராஜசிங்கம் பேசினார்.
"பிள்ளை, சாமான் வந்திட்டுது, பேப்பர் எல்லாம் சரி.
ஆனா பையெல்லாம் சூம்பிப் போய்க் கிடக்கு.
சனம் தூக்கிப் பாத்திட்டு
பழசெண்டு திருப்பி வைச்சிட்டுப் போகுதுகள்."
நான் சீலைச் சந்தேகப்பட்டேன்.
தண்ணீர் வாளியில் ஐம்பது பையை அமுக்கிப் பார்த்தேன்,
ஒரு குமிழி வரவில்லை.
பிறகு மரியபுஷ்பத்தைச் சந்தேகப்பட்டேன்,
அவள்தான் இயந்திரத்தில் நிற்பவள்.
இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த லோடில் டிரைவர் சம்சுதீனிடம்
மேட்டுப்பாளையத்தில் வண்டியை ஓரங்கட்டி
ஒரு பெட்டியைப் பிரித்துப் படம் அனுப்பச் சொன்னேன்.
பல் போன வாய் மாதிரி
கன்னம் உள்ளே போய்க் கிடந்தன எல்லாப் பைகளும்.
தூத்துக்குடி இன்னும் எட்டு மணி நேரம்.
கப்பலையே பார்க்கவில்லை அவை.

மலைக்கு வரும் கார்களில்
சிப்ஸ் பாக்கெட் பலூனாய் உப்புவதைக் காட்டிக்
குழந்தைகள் சிரிப்பார்கள்.
அதே கணக்குதான், தலைகீழாய்.
இங்கே விறைத்து நின்ற காற்று
சமவெளிக் காற்றின் பாரத்தில் ஒடுங்கிப் போகிறது.
மரியபுஷ்பத்துக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.

இப்போது சுடுவது மட்டும் மேலே.
சீல் வைப்பது காரமடையில், வாடகை ஷெட்டில்.
ஆறு பத்து பஸ்ஸில் எட்டுப் பேர் இறங்குகிறார்கள்,
ஸ்வெட்டரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு.
நஞ்சம்மாளுக்குக் கொண்டை ஊசி வளைவு ஆகாது,
வாந்தி வரும்.
அவள் மேலேயே இருக்கிறாள்.
டோர்ட்முண்டில் பைகள் நிமிர்ந்து நிற்கின்றனவாம்.
இன்னும் இரண்டாயிரம் கேட்டிருக்கிறார்.

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பையை
காலாவதித் தேதி வரை நாங்கள் வைத்திருக்க வேண்டும்.
அந்த அலமாரி என் மேஜைக்குப் பின்னால்.
பழைய லாட் பைகள் அமைதியாக இருக்கின்றன.
காரமடையிலிருந்து ஏறி வந்தவை
மூச்சை அடக்கிக்கொண்டு வெடிக்கக் காத்திருப்பது மாதிரி.
கதவைச் சாத்தினால் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிடுகின்றன.

மாதம் ஒருமுறை படிவம்.
பை உப்பியுள்ளதா?
ஆம்.
உப்பினால் கெட்டுப்போனது என்றுதான் விதி.
பிரித்து ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்,
மொறுமொறுவென்று இருந்தது.
காரணம் என்ற இடத்தில்
யோசித்து, 'மேடு' என்று எழுதினேன்.
தணிக்கைக்காரர் வந்தால் கேட்பார்.
ஜன்னலைத் திறந்து காட்டலாம்,
வேறென்ன செய்ய.