உப்புத்தாள்

வலக்கை நகங்கள் மூன்று மில்லிமீட்டர்.
இடக்கையில் ஒட்ட வெட்டியவை.
பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது
எதிர் இருக்கைப் பையன் உற்றுப் பார்க்கிறான்.
இரண்டு பெண்களிடம் ஆளுக்கொன்றாய்
இரவல் வாங்கிய கைகள் என்று நினைத்திருப்பான்.

விகோ துறைமுகத்தில் சிப்பி டப்பா அடைக்கும் ஆலை.
காலை ஆறு முதல் இரண்டு வரை
வெந்து வாய் திறந்த ஓட்டிலிருந்து
ஆரஞ்சு நிறச் சதையை எடுத்து வைப்பது என் வேலை.
நிமிடத்துக்கு இருபத்தெட்டு.
திங்கள்தோறும் ஒப்துலியா வரிசையாகக் கை பார்ப்பாள்.
"சபேலா, என்ன இந்த ஐந்து?"
நான்கு என்று திருத்துவேன்.
சுண்டுவிரலுக்குக் கிதாரில் வேலையில்லை.
முறைப்பாள். பிறகு
இரண்டாவது கையுறை ஒன்றை
மேசைமேல் எறிந்துவிட்டுப் போவாள்.

கிதார் அடகுக் கடையில் கிடைத்தது.
யாரோ மீட்காமல் விட்டதை
நான் மீட்டுகிறேன்,
நாற்பத்தாறு வயதில்,
மத்தி மீன் பெட்டியைக் கவிழ்த்து
இடது காலை அதன்மேல் தூக்கி வைத்து.

பாடம் சொல்லும் ப்ரெய்ஷோவுக்கு இருபத்து மூன்று.
தட்டுக் கழுவி வாடகை கட்டுகிறவன்,
அவன் நகமும் அடிக்கடி உடையும்.
முதல் மாதம் சொன்னதில் ஒன்றுதான் நிலைத்தது:
முதலில் சதை தொட வேண்டும்,
விடும்போது நகம்.
சதை மட்டும் என்றால் கம்பளிக்குள் பேசுவது போல.
நகம் மட்டும் என்றால் தகரம்.
நடுவே ஒரு முடி அகலம்.
நகமும் சதையும் போல என்று
நட்பைச் சொல்கிறவர்கள்
அந்த முடி அகலத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மாலை முழுக்க ஒரே நான்கு வரி.
கட்டைவிரல் கீழே நடக்க
ஒரே கம்பியில் மோதிரம், நடு, ஆட்காட்டி,
மோதிரம், நடு, ஆட்காட்டி.
மழை போல வர வேண்டியது
நொண்டிக் குதிரை போல வந்தது.
மோதிர விரல்தான் பிந்தும்.
மோதிரம் போட்டிருந்த காலத்திலும்
அது சோம்பேறிதான்.

ஒரு வியாழக்கிழமை சிப்பி ஓடு
இரண்டு கையுறையையும் கிழித்து
அந்த நகத்தைக் கொண்டுபோனது.
தெருவாசிகள் சங்கத்து அறையில்
முப்பத்தொரு நாற்காலி போட்டு
நான் வாசிக்க வேண்டிய சனிக்கிழமைக்கு
இன்னும் ஒன்பது நாள்.
நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
போட்ட பிறகு
சங்கத்துப் பிங்பாங் மேசையிலிருந்து
பந்து ஒன்றைத் திருடினேன்.

பிறையாக வெட்டி,
பசை வைத்து, மூச்சடக்கிக் காத்திருந்து,
உப்புத்தாளில் தேய்த்தேன்.
முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசானது,
கடைசியில் என் ஜீன்ஸ் தொடைமேல்.
உடம்பின் வேறெந்த இடத்துக்கும்
நான் இத்தனை பொறுமை காட்டியதில்லை.

சனிக்கிழமை நகம் அசையவில்லை.
இரண்டு கண்ணையும் அதன்மேலேயே வைத்திருந்தேன்.
மழை வந்தது, சீராக, நிஜமாகவே மழை.
நானா என்று வியந்த நொடியில்
இடக்கை
எங்கே போவதென்று மறந்து நின்றது.

மூலையில் குளிர்பெட்டி ரீங்கரித்தது,
கிட்டத்தட்ட என் ஐந்தாம் கம்பி,
கொஞ்சம் தாழ்வு.
மூன்றாம் வரிசையில் ஒப்துலியா
கைப்பையை இறுகப் பிடித்திருந்தாள்.
அவளை நான் அழைக்கவேயில்லை.
ஐந்தாம் கம்பியைத் தட்டினேன்.
மறுபடி தட்டினேன்.
கட்டைவிரல் நடக்கத் தொடங்கியது,
விட்ட இடத்திலிருந்து அல்ல,
நினைவிருந்த இடத்திலிருந்து.

திங்கள் காலை, கை வரிசை.
என் மோதிர விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பந்து என்றேன்.
விளக்கொளியில் அதில் ஓர் எழுத்தின் வால் தெரிந்தது,
கம்பெனிப் பெயரில் மிச்சம்.
"ஒன்பது மணிக்கு மேலதிகாரி வருவார்.
அதற்குள் மூன்றாவது கையுறை போட்டுக்கொள்."
இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.
"நடுவில் நின்றாயே,
அதுவும் அந்த இசையில் உண்டா?"

உண்டு என்றேன்.